கல்லுக்கு மூத்த மண்கோடு

இங்கிலாந்தின் தென்பகுதியில், சாலிஸ்பரிச் சமவெளியில் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களின் படத்தைக் காணாதோர் நம் வாசகருள் மிகச் சிலரே இருப்பர். பள்ளிப் பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் அக்கற்கள் இடம்பெற்றுப் பல காலமாகிறது. சாதாரண ஆண்டுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்குச் சென்று, கற்களைச் சுற்றி நடந்து, படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். ஆனால் அக்கற்களுக்கு வடக்கே ஏறத்தாழ 700 மீட்டர் தொலைவில், புல்வெளியின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓடும் ஒரு மண்கோட்டைத் திரும்பிப் பார்ப்போர் அவர்களுள் எத்தனை பேர்? அங்கே பார்ப்பதற்கு உண்மையில் அதிகமில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது மெல்லிய நிழலாகத் தெரியும் ஒரு தாழ்ந்த மேடு. அதன் அருகே ஆழம் தூர்ந்துபோன ஒரு பள்ளம். அவ்வளவுதான். எனினும் அந்தக் கோடு கற்களைவிட மூத்தது. ஓரிரு தலைமுறைகளால் அல்ல, பல நூற்றாண்டுகளால் மூத்தது.

அதன் பெயர் ஸ்டோன்ஹெஞ்ச் கர்ஸஸ். இணையாக ஓடும் இரண்டு மண்கரைகள்; ஒவ்வொரு கரைக்கும் வெளிப்புறமாக ஓர் அகழ்; இரு முனைகளிலும் குறுக்கே அடைப்பு. இவ்வாறு நீண்டு ஒடுங்கிய ஒரு பெட்டியைப் போன்ற வடிவம் அதற்கு. நீளம் சுமார் 2.7 கிலோமீட்டர், அகலம் 100 முதல் 150 மீட்டர் வரை. இரு பக்கங்களையும் முனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் தோண்டப்பட்ட அகழின் நீளம் ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேலாகிறது. அதைத் தோண்டியோரிடம் இரும்பு இல்லை, செம்பும் இல்லை. மானின் கொம்பே அவர்களுடைய கடப்பாரை. மாட்டின் தோள் எலும்பே அவர்களுடைய மண்வெட்டி. அச்சமவெளியின் மேல்மண் மிக மெல்லியது. அதன் கீழே சுண்ணப்பாறை. ஆகவே கரை எழுப்பப்பட்ட காலத்தில் அது இன்று போல் பச்சையாக இராமல் வெள்ளை வெளேரென்று நெடுந்தொலைவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குக் ‘கர்ஸஸ்’ என்று பெயர் வந்த வரலாறு சுவையானது. 1723ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டூக்லி என்னும் மருத்துவர் இதைக் கண்டறிந்தார். பழம்பொருளில் பெரும்பற்றுக் கொண்டவர். பிற்காலத்தில் கிறிஸ்தவ மதகுருவாகவும் ஆனவர். நீண்டு நேராக ஓடும் இரு கரைகளைக் கண்டதும், படித்தவர் எல்லாரும் இலத்தீன் படித்திருந்த அக்காலத்தில், அவருக்கு ரோமானியரின் தேரோட்ட மைதானம் நினைவுக்கு வந்தது. இலத்தீனில் கர்ஸஸ் என்றால் ஓட்டம், ஓடுபாதை என்று பொருள். அந்தப் பெயரையே இட்டுவிட்டார். பந்தயமும் நடக்கவில்லை, தேரும் ஓடவில்லை, ரோமானியரும் அதைக் கட்டவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் பெயர் ஒட்டிக்கொண்டது; பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதே வகையைச் சேர்ந்தனவாக அறியப்பட்டுள்ள 100க்கும் மேற்பட்ட மண்ணமைப்புகளுக்கும் இன்று அதுவே பொதுப்பெயர்.

ஸ்டூக்லியை நகைத்துவிட்டுப் போவது எளிது. அவ்வாறு செய்ய நாம் விரும்பவில்லை. தெரியாத ஒன்றைக் காணும்போது தான் படித்த நூலில் உள்ள ஒன்றாக அதைக் கொள்வது கற்றோர் எல்லாருக்கும் உள்ள இயல்பு. ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர்ப் பகுதியில் காட்டினூடே ஓடும் கிளீவன் டைக் என்னும் மண்கரைக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது. அருகில் ரோமானியக் கோட்டை ஒன்று இருந்தமையால் அதுவும் ரோமானியரின் படைவேலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1990களில் நடந்த அகழாய்வுக்குப் பின்னரே அது ரோமாபுரி என்ற ஊர் தோன்றுவதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தியது என்பது உறுதியாயிற்று. பெயர் தெரிந்த பேரரசுக்கே எல்லாப் பெருமையும் போய்ச் சேருகிறது. பெயர் தெரியாத உழவர் கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய வேலை செய்யும் ஆற்றல் உண்டு என்று நம்ப அறிஞருக்கும் மனம் வருவதில்லை.

காலத்தை முடிவு செய்தது ஒரு மான்கொம்பு. 2007ஆம் ஆண்டில் ஜூலியன் தாமஸ் என்னும் தொல்லியல் பேராசிரியரின் தலைமையில் மேற்கு முனையின் அகழைத் தோண்டியபோது, அகழின் அடியில் உடைந்த கொம்புக் கடப்பாரை ஒன்று கிடைத்தது. வேலை செய்தவன் உடைந்ததென்று போட்டுவிட்டுப் போன கருவி. அதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது கி.மு. 3630க்கும் கி.மு. 3375க்கும் இடைப்பட்ட காலம் வந்தது. ஸ்டோன்ஹெஞ்சின் முதல் வட்ட அகழ் தோண்டப்பட்டது கி.மு. 3000 அளவில், பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500 அளவில். ஆகவே கற்களை நிறுத்தியவர்கள் அவ்விடத்துக்கு வந்தபோதே இந்தக் கோடு பழம்பொருளாகப் புல் மூடிக் கிடந்தது. அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். நமக்குத் தஞ்சைப் பெரிய கோயில் எவ்வளவு பழமையோ, ஏறத்தாழ அவ்வளவு பழமை அவர்களுக்கு அது.

எதற்காக இதைத் தோண்டினார்கள்? மண்ணடியில் எலும்பும் ஓடும் கருவியும் கிடைத்தால் ஆராய்ச்சியாளர் ஒருவாறு சொல்லிவிடுவர். கர்ஸஸ் அகழ்களிலோ பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. அங்கே யாரும் குடியிருக்கவில்லை, குப்பை கொட்டவில்லை, உள்வெளி வெறுமையாகவே இருந்திருக்கிறது. கிழக்கு முனைக்கு அருகில் அதைவிடப் பழமையான நீண்ட புதைமேடு ஒன்று உண்டு. ஆகவே முன்னோரை நினைந்து ஊர்வலமாகச் சென்ற பாதை என்பர் ஒரு சாரார். நிலத்தை இரண்டாகப் பிரித்த எல்லை என்பர் வேறு சிலர். ஏற்கெனவே புனிதமாகக் கருதப்பட்ட பழைய வழியொன்றை மனிதர் மிதியாதபடி அடைத்து வைத்தனர் என்பதும் ஒரு கருத்து. 2011இல் மண்ணைத் தோண்டாமலேயே கருவிகளால் அடிநிலத்தைப் படம்பிடித்தபோது, கர்ஸஸின் உள்ளே இரு முனைகளுக்கும் அருகில் இரண்டு பெருங்குழிகள் இருப்பது தெரியவந்தது. ஸ்டோன்ஹெஞ்சுக்கு வெளியே தனித்து நிற்கும் ‘ஹீல்’ கல்லருகே நின்று பார்த்தால், கோடையின் மிக நீண்ட நாளில் சூரியன் ஒரு குழியின் திசையில் உதித்து மற்றதன் திசையில் மறைவதாகக் கூறுகின்றனர். இவற்றுள் எது சரியென்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் கிடைக்காத இடத்தில் சான்றாக எஞ்சி நிற்பது வடிவம் ஒன்றே. அந்த வடிவம் அழிந்தால் கேள்வியும் அதனுடன் அழிந்துவிடும்.

இங்கே நாம் கற்ற மொழியொன்றின் சொற்களைப் பற்றிச் சற்றுக் கூற வாசகர் இசைவு தருவாராக. தொல்லியல் துறைக்கு அரபு மொழியில் ‘இல்முல் ஆஸார்’ என்று பெயர். ஆஸார் என்பது ‘அஸர்’ என்பதன் பன்மை. அஸ்ருத் தொழுகையின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. எழுத்தும் வேறு, வேரும் வேறு. அஸர் என்றால் சுவடு. மணலில் நடந்து போனவன் விட்டுச்செல்லும் காலடித் தடமும் அஸர். ஒருவர் மறைந்தபின் அவரிடமிருந்து எஞ்சியிருப்பதும் அஸர். பொருளைக் காட்டிலும் தடத்தையே முதன்மையாகக் கருதும் சொல் இது. ஜாஹிலிய்யாக் காலத்து அரபுக் கவிஞர்கள் தம் நெடும்பாடல்களைத் தொடங்கும்போது, காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துக்கொண்டு போன இடத்தில் நின்று அங்கே எஞ்சிய சுவடுகளைப் பார்த்துப் புலம்புவது மரபு. ‘அத்லால்’ என்று அச்சுவடுகளுக்குப் பெயர். முஅல்லகாத் எனப்படும் புகழ்பெற்ற பாடல்களுள் ஸுஹைர் பின் அபீ ஸுல்மாவின் பாடலில், இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்த கவிஞரின் கண்ணில் படுபவை இரண்டு: பானை வைத்துக் கருத்துப்போன அடுப்புக் கற்கள், கூடாரத்தைச் சுற்றி மழைநீர் புகாதபடி வெட்டியிருந்த சிறு அகழ். அந்த அகழுக்கு ‘நுஃயு’ என்று தனிச்சொல்லே உண்டு. கூடாரம் போயிற்று, மனிதர் போயினர், கல்லும் அகழும் எஞ்சின. பாலைவனத்துக் கவிஞருக்குக் கல்லும் அகழும் சமமான சான்றுகளாக இருந்தன. நவீன அரசுகளின் சட்டத்துக்கு அந்தச் சமன்பாடு நெடுங்காலம் புரியவில்லை.

தமிழிலும் தோண்டப்பட்ட பள்ளம் அகழ். அதைத் தோண்டி ஆராய்வது அகழாய்வு. இரண்டும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை. ஒருமுறை தோண்டப்பட்ட மண் தன் பழைய இறுக்கத்தை மீண்டும் பெறுவதில்லை என்பதே இந்த ஆராய்ச்சி முழுவதற்கும் அடிப்படை. தூர்ந்துபோன அகழில் ஈரம் அதிகம் தங்கும். அதன்மேல் விளையும் கோதுமையும் வாற்கோதுமையும் சற்று உயரமாகவும் நெடுநாள் பசுமையாகவும் நிற்கும். வறண்ட கோடையில் வானிலிருந்து பார்த்தால் காய்ந்த வயலின் நடுவே பச்சைக் கோடாக அது தெரியும். முதல் உலகப் போருக்குப் பின் விமானப் படையினர் எடுத்த படங்களை ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு என்னும் அறிஞர் கூர்ந்து பார்த்து, ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து ஏவன் ஆற்றுக்குச் செல்லும் ‘அவென்யூ’ என்னும் மற்றொரு மண்வழியின் காணாமற்போன பகுதியை 1923இல் கண்டுபிடித்தார். மேலே சொன்ன கர்ஸஸ்களுள் பெரும்பாலானவை இவ்வாறு வானிலிருந்து அறியப்பட்டவையே. 2018ஆம் ஆண்டின் கடும் கோடையில் மில்டன் கீன்ஸுக்கு அருகில் கிளிஃப்டன் ரேன்ஸ் என்னும் ஊரில் இத்தகைய கோடுகள் இரண்டு வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று இடைக்காலத்து மண்கரையொன்றின் அடியில் மறைந்து கிடந்ததாம். மேலிருந்த கரையை ஏர் சிறிது சிறிதாகத் தேய்த்துக்கொண்டு வந்ததனால்தான் கீழிருந்தது கண்ணுக்குப் பட்டது. கீழிருந்ததையும் அதே ஏர் தேய்க்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஸ்டோன்ஹெஞ்சிலேயே 2013ஆம் ஆண்டுக் கோடையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி நமக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே புல் காயாமலிருக்க நீர் பாய்ச்சும் குழாய் ஒரு பகுதி வரை எட்டவில்லை. அப்பகுதியின் புல் காய்ந்தது. காய்ந்த இடத்தில் சில தழும்புகள் தெரிவதைப் பணியாளர் ஒருவர் கண்டார். ஒரு காலத்தில் கற்கள் நின்ற குழிகளின் தடங்கள் அவை. கல்வட்டம் முழுமையாக இருந்ததா, இல்லையா என்று நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வாதத்துக்கு அக்குழாயின் குறைந்த நீளம் பெருமளவு விடை தந்துவிட்டது.

மண்கோட்டின் பகைவர் யார் என்று கேட்டால், போர்ப்படை என்றோ பெருங்கட்டடம் கட்டுவோர் என்றோ உடனே சொல்லத் தோன்றும். இங்கிலாந்தின் வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. சாலிஸ்பரிச் சமவெளியில் 1897 முதல் இராணுவம் பயிற்சிக்காக நிலம் வாங்கத் தொடங்கியது. பீரங்கியும் கவச வண்டியும் ஓடிய அந்நிலம் உழப்படாமல் இருந்தது. ஆகவே அங்கே பழைய மண்மேடுகள் பலவும் எஞ்சின. வேலிக்கு வெளியே அமைதியாக உழுத வயல்களிலோ அவை கரைந்தன. ஸ்டோன்ஹெஞ்ச் கர்ஸஸுக்கு வடமேற்கே 400 மீட்டர் நீளமுள்ள ‘சிறிய கர்ஸஸ்’ ஒன்று இருந்தது. ஸ்டூக்லிக்குப் பின் 200 ஆண்டுகள் வரை கண்ணால் காணத்தக்கதாக இருந்த அது, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இயந்திர ஏருக்கு இரையாகித் தரைமட்டமாயிற்று. 1983இல் அதைத் தோண்டி ஆராய்ந்தவர்களுக்கு மேலே கரை இல்லை. கீழே அகழ் மட்டும் இருந்தது.

டார்செட் மாவட்டத்தில் கிரான்போர்ன் சேஸ் என்னும் மேட்டுநிலத்தில் உள்ளது எல்லாவற்றினும் நீளமானது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அதன் முழு நீளத்தையும் 1955இல் ரிச்சர்டு ஆட்கின்சன் வெளிப்படுத்தினார். ஸ்டோன்ஹெஞ்ச் கர்ஸஸை விட ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமான கோடு வயல்களுக்கு நடுவே கிடந்தும், அதுவரை அதை முழுமையாக எவரும் அறியவில்லை! இன்று அதன் பெரும்பகுதியில் தரைக்கு மேலே ஒன்றுமே இல்லை.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2008இல் திறக்கப்பட்ட ஐந்தாம் முனையத்தின் வழியாகப் பயணம் செய்த நம் வாசகர்கள் பலர் இருக்கலாம். வளைகுடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் செல்வோர் அங்கே இறங்குவதுண்டு. அந்த நிலத்தின் அடியில் ஸ்டான்வெல் கர்ஸஸ் என்னும் மண்ணமைப்பு ஓடியது. சுமார் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு அகழ்கள். நீளம் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். முனையம் கட்டுவதற்கு முன் அங்கே மிகப் பெரிய அகழாய்வு நடந்தது. எல்லாம் அளக்கப்பட்டன, பதிவாயின, நூலாயின. பின்னர் முனையத்துக்கு உட்பட்ட பகுதி அகற்றப்பட்டது. ‘பதிவின் மூலம் பாதுகாத்தல்’ என்று இம்முறையை ஆங்கிலேயர் அழைக்கின்றனர். இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவிட்டு அவரைப் பிழைக்க வைத்துவிட்டோம் என்று சொல்வது போல நமக்குப் படுகிறது. எனினும் ஒன்றும் எழுதாமலே புதைத்துவிடும் நாடுகளும் உண்டு என்பதால் அதிகம் குறை கூற நாம் துணியவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஜான் லப்பக் என்பவர் வங்கி நடத்தியவர், நாடாளுமன்ற உறுப்பினர், அறிவியலறிஞர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்ற பிரிவுகளைக் குறிக்கும் சொற்களை 1865இல் தம் நூலில் உருவாக்கியவரும் அவரே. 1871இல் ஏவ்பரி என்னும் ஊரில், பழைய கல்வட்டத்தின் நடுவே வீடுகள் கட்ட மனை பிரித்தபோது, தம் பணத்தைக் கொடுத்து அந்நிலத்தை வாங்கிவிட்டார். எத்தனை இடத்தை ஒருவர் வாங்க முடியும்? 1873 முதல் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். திரும்பத் திரும்பத் தோற்றார். ஒருவனுடைய நிலத்தில் அரசு புகுவதா என்பதே எதிர்ப்பாளரின் வாதம். ஒருவாறு 1882இல் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் அட்டவணையில் இடம்பெற்றவை அயர்லாந்தையும் சேர்த்து 68 மட்டுமே. அவற்றையும் உரிமையாளர் தாமாக முன்வந்து ஒப்படைத்தால்தான் உண்டு. கட்டாயம் எதுவும் இல்லை.

அச்சட்டத்தின் வலுவின்மைக்கு ஸ்டோன்ஹெஞ்சே சாட்சி. அட்டவணையில் அது இருந்தது. உரிமையாளரான பிரபுக் குடும்பம் அதை ஒப்படைக்கவில்லை. 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் கல்லொன்று விழுந்தது. அடுத்த ஆண்டு உரிமையாளர் வேலி போட்டு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வசூலித்தார். 1915இல் அந்த நிலம் ஏலத்துக்கு வந்தபோது சிசில் சப் என்னும் வழக்கறிஞர் 6,600 பவுனுக்கு அதை எடுத்து, 1918இல் நாட்டுக்கு நன்கொடையாக அளித்தார். சுற்றியுள்ள நிலத்தை வாங்குவதற்காக 1927இல் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. அவ்வாறு நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் கைக்கு வந்த நிலத்தில்தான் கர்ஸஸும் சேர்ந்தது. கல்லுக்காக வாங்கிய நிலத்தில் மண்கோடும் தற்செயலாகப் பிழைத்தது என்றால் மிகையாகாது.

கட்டாயப் பாதுகாப்பு 1913ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, பட்டியலிட்ட சின்னத்தின் மேல் இசைவின்றி எவரும் கைவைத்தல் குற்றம். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அதனோடு சேர்த்து அரசு வழங்கிய பொது இசைவு ஒன்றும் உண்டு. பட்டியலிட்ட இடமாயினும், ஏற்கெனவே உழப்பட்டு வந்த நிலமானால், முன்பு உழுத அதே ஆழத்துக்கு மேற்போகாமல் தொடர்ந்து உழலாம் என்பதே அது. ஆழம் கூடவில்லையே, பின் என்ன தீங்கு என்று தோன்றும். சரிவான நிலத்தில் ஒவ்வோர் உழவிலும் மேல்மண் சிறிது கீழே இறங்குகிறது. மேல்மண் குறையக் குறைய, அதே ஆழத்தில் செல்லும் கொழு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சிறிது சுண்ணத்தைச் சுரண்டுகிறது. சட்டம் மீறப்படவில்லை, சின்னம் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. ஒரு கல்லை ஆண்டுக்கு ஒரு விரற்கடை செதுக்க எந்த நாட்டுச் சட்டமாவது பொது இசைவு தருமா?

உழவரைக் குற்றவாளியாக்குவது நம் கருத்தன்று. வட்டமான கோட்டைக்கோ கோபுரத்துக்கோ எல்லை வகுப்பது எளிது. கோட்டுக்கு எல்லை வகுப்பது அப்படியன்று. ஆங்கிலேயர் இச்சட்ட மரபை 1904இல் கர்ஸன் பிரபுவின் காலத்தில் நம் நாட்டுக்கும் கொண்டுவந்தனர். சுதந்திர இந்தியா 1958இல் தனிச்சட்டம் இயற்றியது. 2010இல் செய்த திருத்தத்தால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. இத்தகைய தடையை டார்செட் கோட்டுக்கு இட்டால் என்னவாகும்? 90 மீட்டர் அகலமுள்ள கோட்டின் இருபுறமும் 100 மீட்டர் விட்டு 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கணக்கிட்டால் 290 ஹெக்டேர், அதாவது 700 ஏக்கருக்கு மேல் முடங்கும். எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அதில் அடங்கும். ஆகவேதான் அங்கே வேறொரு வழியையும் கண்டனர். தொன்மைச் சின்னம் உள்ள வயலை உழாமல் புல்லுக்கு விடும் உழவருக்கு அரசு பணம் கொடுக்கிறது. தடையைவிட இதுவே நேர்மையான வழி என்பது நம் எண்ணம். நாட்டுக்குப் பொதுவான செல்வத்தைக் காக்கும் செலவை வயலுக்கு உரியவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நீதியாகாது.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. கர்ஸஸைத் தோண்டிய புதிய கற்கால உழவர்களின் மூதாதையர், இன்றைய துருக்கி நாடு இருக்கும் அனத்தோலியாப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளாக மேற்கே பரவி வந்தவர்கள் என்று பழைய எலும்புகளின் மரபணு ஆய்வு கூறுகிறது. கி.மு. 2450க்குப் பின் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வேறு மக்கள் வந்தனர். சில நூற்றாண்டுகளில் பிரிட்டன் மக்களின் மரபுக்கூற்றில் பத்தில் ஒன்பது பங்கு மாறிவிட்டது என 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே இன்று அந்த மண்கோட்டைக் காப்பவர்களுக்கும் அதைத் தோண்டியவர்களுக்கும் இரத்த உறவு மிகக் குறைவு. ‘எம் முன்னோர் செய்தது’ என்ற உரிமைப் பேச்சு அங்கே செல்லாது. இருந்தும் காக்கின்றனர்.

1986இல் ஸ்டோன்ஹெஞ்சும் ஏவ்பரியும் அவற்றைச் சார்ந்த இடங்களும் உலக மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இங்கே ‘சார்ந்த இடங்கள்’ என்ற சொல்லே முக்கியம். ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றி ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் நிலம் ஒரே செல்வமாக எண்ணப்பட்டது. கர்ஸஸும் அவென்யூவும் புதைமேடுகளும் அதில் அடக்கம். கல்லும் மண்ணும் முதன்முறையாகச் சமமாயின. 2013இல், அவென்யூவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கற்களை ஒட்டி ஓடிய ஏ344 என்னும் சாலையை மூடித் தாரைப் பெயர்த்தபோது, சாலைக்கு அடியில் அவென்யூவின் அகழ்கள் இரண்டும் தடம் மாறாமல் இருக்கக் கண்டனர்.

மற்றொரு சாலையின் கதை இவ்வளவு நலமாக முடியவில்லை. கற்களுக்குத் தெற்கே செல்லும் ஏ303 நெடுஞ்சாலையைச் சுமார் 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் இறக்குவது திட்டம். கற்களருகே வண்டியின் இரைச்சல் நீங்கும் என்பது ஆதரிப்போர் வாதம். சுரங்கத்தின் மேற்கு வாயிலும் அதற்கான பள்ளவழியும் மரபுநிலத்துக்குள்ளேயே தோண்டப்படும் என்பது எதிர்ப்போர் வாதம். கர்ஸஸ் அந்த வழியில் இல்லை. ஆனால் கல் மட்டும்தான் செல்வமா, நிலம் முழுவதுமா என்ற பழைய கேள்வியே அங்கும் எழுந்தது. 2020இல் அரசு இசைவளித்தது. 2021இல் உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. 2023இல் அரசு மீண்டும் இசைவளித்தது. 2024 ஜூலையில் உலக மரபுச் செல்வக் குழு நமது புதுதில்லியில் கூடியபோது, ஸ்டோன்ஹெஞ்சை அபாயத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கும் பரிந்துரை அதன் முன் வந்தது, குழு சேர்க்கவில்லை. சில நாட்களில், அதே ஜூலை 29ஆம் நாள், பிரிட்டனின் புதிய அரசு பணமில்லை என்று கூறித் திட்டத்தையே கைவிட்டது. வழக்கும் போராட்டமும் அறிஞரின் அறிக்கையும் செய்யாததைக் கருவூலம் செய்தது.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் அப்பால், கர்ஸஸுக்கு உண்மையான நன்மை செய்தது ஓசையற்ற ஒரு வேலை. 2000ஆம் ஆண்டு தொடங்கி நேஷனல் டிரஸ்ட் தன் நிலத்தில் உழவை நிறுத்தி, அப்பகுதிக்குரிய புல்லையும் பூண்டையும் விதைத்து, ஆடுமாடு மேய விட்டு வருகிறது. மேற்குப் பகுதியில் கோட்டை மறித்து நின்ற ஃபார்கோ தோப்பினுள், கோடு செல்லும் இடத்தில் மட்டும் மரங்களை நீக்கி ஒரு கீற்றுத் திறந்துவிட்டனர். கற்களைக் காணச் சீட்டு வாங்க வேண்டும். கர்ஸஸின் மேல் நடந்து செல்லக் காசில்லை.

இப்போதைய தொல்லை வளைதோண்டும் பிராணிகள். முயல் ஒருபுறம் இருக்க, பேட்ஜர் எனப்படும் ஒருவகைக் கரடிமுக விலங்கு, தோண்டி இளகிய பழைய மண்ணையே தேடி வளை அமைக்கிறது. புதைமேடுகளுள் பலவற்றை அது குடைந்திருக்கிறது. அவ்விலங்கைக் கொல்வதையும் அதன் வளையைக் கலைப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சின்னத்தைக் காக்க ஒரு சட்டம், அதைத் தோண்டுவதைக் காக்க ஒரு சட்டம். இரண்டுக்கும் இடையே உரிய அதிகாரியிடம் உரிமம் பெற்று, விலங்கு வெளியேறலாம், திரும்ப நுழைய முடியாது என்ற வகையில் ஒருபக்கமே திறக்கும் கதவொன்றை வளைவாயிலில் பொருத்துகின்றனர்.